மோட்டார் ஹோம் ஆக்கிய பஸ்ஸுக்கு ஒற்றை வாசல் கதவு: அளவெடுப்பதிலிருந்து ரப்பர் ஒட்டுவது வரை

பஸ்ஸின் மடிப்புக் கதவு, ஏறி இறங்கும் கூட்டத்துக்காகச் செய்தது. டிரைவர் எழுந்திருக்காமல் திறக்க வேண்டும், மூட வேண்டும், நெரிசலில் யார் விரலும் நசுங்கக் கூடாது. அதற்கு மேல் அதனிடம் எதிர்பார்க்க முடியாது. பஸ்ஸை மோட்டார் ஹோம், அதாவது ஓடும் வீடு ஆக்கியபின் ராத்திரி உள்ளே தாழ் போட்டுத் தூங்குவது, பகலில் வெளியே பூட்டிவிட்டுப் போவது, சாரல், தூசு, கொசு, குளிர் எதுவும் அதன் கணக்கில் இல்லை. இரண்டு பாதிக்கும் நடுவில் இருக்கும் மெத்தென்ற ரப்பருக்குள் கையை விட்டுத் தள்ளினாலே திறந்துகொள்ளும் கதவுகள் நிறைய. காற்றழுத்தத்தில் இயங்குவதாக இருந்தால், தொட்டியில் காற்று இறங்கியதும் பிடி தளர்ந்துவிடும்.

இதை மாற்றுவது பெரிய வித்தை இல்லை. வெல்டிங் தெரிந்த ஒருவரும் பொறுமையான ஒருவரும் சேர்ந்தால் முடியும். ஆனால் வீட்டு வாசலுக்குக் கதவு மாட்டுகிற நினைப்போடு இறங்கினால் இரண்டே மாதத்தில் கதவு உரசும், பூட்டு விழாது, மழைத் தண்ணீர் உள்ளே வரும். வீட்டுச் சுவர் அசையாது, பஸ் பாடி முறுக்கும். ஒரு சக்கரம் பள்ளத்தில் இறங்கும்போதெல்லாம் வாசல் சட்டத்தின் நான்கு மூலைகளும் இடம் மாறுகின்றன. கீல், இடைவெளி, பூட்டு, ரப்பர் நான்கையும் அந்த அசைவுக்கு இடம் கொடுத்துத்தான் அமைக்க வேண்டும். கீழே சொல்லும் அளவுகள் எல்லாம் அதற்காகத்தான்.

எந்த வழி உங்களுக்கு

மூன்று வழி இருக்கிறது. இருக்கிற கதவையே வைத்துக்கொண்டு உள்ளே தாழ்ப்பாளும் நல்ல ரப்பரும் மட்டும் போடுவது முதல் வழி. செலவு குறைவு, பலனும் குறைவு. வருஷத்துக்கு நாலு நாள் வெளியே போகிறவருக்கு இது போதும்.

இரண்டாவது, மடிப்புக் கதவின் இரண்டு பாதியையும் உள்பக்கம் குறுக்குப் பட்டை கொடுத்து இணைத்து, ஒரே கதவாக முன்தூணில் தொங்கவிடுவது. பஸ்ஸின் பழைய முகம் மாறாது, கண்ணாடி அப்படியே இருக்கும், பாடியின் வளைவுக்கு ஏற்ற கதவு ஏற்கெனவே கையில் இருக்கும். மடிப்புக் கதவு துரு இல்லாமல் இருந்தால் இதைத்தான் முதலில் யோசிக்க வேண்டும். இதில் மாட்டிக்கொள்கிறவர்கள் எல்லாரும் ஒரே இடத்தில்தான் மாட்டிக்கொள்கிறார்கள்: பழைய கீலையே நம்புவது. கணக்குப் பாருங்கள். ஒரு பாதி 15 கிலோ, அகலம் 40 செ.மீ. என்றால் அதன் எடை கீலிலிருந்து 20 செ.மீ. தள்ளி இழுக்கிறது, 3 கிலோகிராம்-மீட்டர் திருப்பு விசை. இரண்டையும் இணைத்தால் 30 கிலோ, 40 செ.மீ. தள்ளி, 12 கிலோகிராம்-மீட்டர். எடை இரண்டு மடங்கு, கீலின் மேல் சுமை நான்கு மடங்கு. போதாததற்கு, பின்பாதியை மேலே தாங்கிக்கொண்டிருந்த உருளையும் தடமும் போய்விடும். ஆகவே புதிதாக மூன்று கனமான கீல்கள் கட்டாயம். இணைக்கும் பட்டை 40 × 5 மி.மீ. இரும்பு, நான்கு உயரங்களில். ஒவ்வொரு பாதியிலும் பட்டைக்கு இரண்டு எம்6 எவர்சில்வர் போல்ட். கதவுச் சட்டம் அலுமினியமாக இருந்தால் பட்டைக்கும் சட்டத்துக்கும் இடையில் மெல்லிய ரப்பரோ நைலானோ கொடுங்கள். ஈரத்தில் இரும்பும் அலுமினியமும் நேரடியாகத் தொட்டுக்கொண்டிருந்தால் அலுமினியம் வெள்ளைப் பொடியாக உதிரும். நடு ரப்பரை எடுத்துவிட்டு அந்த இடைவெளியை அலுமினியப் பட்டையும் பாலியூரித்தேன் சீலன்ட்டும் போட்டு அடைக்கலாம்.

மூன்றாவது, புதிதாக ஒற்றைக் கதவு செய்வது. வாசல் அகலம் ஒரு மீட்டருக்கு மேல் இருந்தாலும், பழைய கதவு அரித்துப் போயிருந்தாலும், குளிர் வெயில் தாங்க உள்ளே தெர்மோகோல் அடைக்க வேண்டியிருந்தாலும் இதுதான் வழி. இனி வருவது பெரும்பாலும் இதைப் பற்றி. கீல், பூட்டு, ரப்பர் பகுதிகள் இரண்டாவது வழிக்கும் அப்படியே பொருந்தும்.

எதை எடுத்தாலும், வண்டியைப் பதிவு செய்யும் அலுவலகத்தில் வாசல், அவசர வழி பற்றிய விதிகளை முன்கூட்டியே கேட்டுவிடுங்கள். பின்பக்க அவசரக் கதவைக் கட்டில் போட்டு மறைத்துவிட்டு, இருக்கிற ஒரே கதவையும் சாவி இல்லாமல் திறக்க முடியாதபடி செய்வது, தீப்பிடித்தால் உயிருக்கு ஆபத்து. ஆள் நுழைகிற அளவில் இரண்டாவது வழி ஒன்று எப்போதும் இருக்க வேண்டும்.

பழைய கதவைக் கழற்றுவது

காற்றழுத்தக் கதவானால், கதவு அடிப்பட்டை, நட்டு எதையும் தொடுவதற்கு முன் கதவுக்கான காற்றை முழுக்க இறக்குங்கள். அழுத்தம் இருக்கும்போது இணைப்புக் கம்பியைக் கழற்றினால் சிலிண்டர் தண்டு பாய்ந்து கையை உடைக்கும். குழாயை மடக்கிக் கட்டி வைப்பது கூடாது. கதவு வால்வுக்கு வரும் லைனை அது பிரிகிற இடத்திலேயே கழற்றி, சரியான அளவு மூடி போட்டு அடைத்து, மறுபடி காற்று ஏற்றி, சோப்பு நுரை தடவிக் குமிழி வருகிறதா என்று பாருங்கள். பிரேக்கும் அதே கம்ப்ரசர் காற்றில்தான் ஓடுகிறது. கதவு லைனில் விட்ட ஒழுக்கு மெதுவாக அங்கேயும் தெரியும்.

பல பஸ்களில் கதவு திறந்திருந்தால் பிரேக் பிடித்துக்கொள்ளும், அல்லது ஆக்சிலரேட்டர் வேலை செய்யாது. கதவோடு அந்த ஸ்விட்ச்சையும் வெட்டி எறிந்தால் வண்டி நின்ற இடத்திலேயே நிற்கும். கழற்றும் முன் கதவைத் திறந்தும் மூடியும் வண்டி எப்படி நடந்துகொள்கிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். ஸ்விட்ச்சுக்குப் போகும் கம்பிகளுக்குச் சீட்டு ஒட்டி வையுங்கள். புதுக் கதவின் பூட்டிலேயே அந்த ஸ்விட்ச்சை வேலை செய்ய வைப்பதுதான் நல்லது. கம்பிகளை நேரடியாக முறுக்கி இணைத்து ஏமாற்றினால் கதவு திறந்தபடி வண்டி ஓடும்.

வெல்டிங்குக்கு முன் பேட்டரி நெகட்டிவைக் கழற்றி, மின்னணுக் கட்டுப்பாட்டுப் பெட்டிகளின் சாக்கெட்டுகளையும் பிரித்துவிடுங்கள். எர்த் கிளாம்ப் வெல்டிங் செய்யும் இடத்துக்குப் பக்கத்திலேயே இருக்கட்டும். சேஸியின் மறுகோடியில் மாட்டினால் மின்சாரம் பேரிங் வழியாகவும் வயரிங் வழியாகவும் போகும். தூணுக்குப் பின்னால் பழைய ஃபோம், வயர்க் கட்டு இருக்கிறதா என்று உள்தகட்டைப் பிரித்துப் பார்க்காமல் ஆர்க் அடிக்க வேண்டாம். வேலை முடிந்தும் அரை மணி நேரம் அங்கேயே இருங்கள். ஃபோம் உள்ளுக்குள் புகைந்து மெதுவாகத்தான் பற்றும்.

அளவெடுப்பது

வண்டியைச் சமதளத்தில், டயர் காற்று சரிபார்த்து, நாலு சக்கரத்திலும் நிறுத்துங்கள். ஜாக்கி மேல் நிற்கும் வண்டியில் எடுத்த அளவு பொய் அளவு. அகலத்தை மேலே, நடுவே, கீழே மூன்று இடத்தில். உயரத்தை இரு ஓரத்திலும். பிறகு இரண்டு மூலைவிட்டங்கள்.

அடுத்து, வாசல் பக்கத்து முன்சக்கரத்தை 100 மி.மீ. கனமான பலகை மேல் ஓட்டி ஏற்றி, மற்ற சக்கரங்களுக்குக் கட்டை வைத்து, மூலைவிட்டங்களை மறுபடி அளங்கள். இரண்டு மூலைவிட்டங்களுக்கும் இடையே உள்ள வித்தியாசம் முன்பு இருந்ததைவிட எவ்வளவு மாறியது என்று பாருங்கள். ஏறக்குறைய 700 மி.மீ. அகலம், 2 மீட்டர் உயரமுள்ள கதவில் அந்த மாற்றத்தில் பாதி அளவுக்குப் பூட்டு முனை மேலோ கீழோ நகரும். மாற்றம் 3 மி.மீ. என்றால் பூட்டு 1.5 மி.மீ. ஏறி இறங்கும், சுற்றிலும் 6 மி.மீ. இடைவெளி விட்டால் போதும். மாற்றம் 6 மி.மீ.ஐத் தாண்டினால் முதலில் வாசல் சட்டத்தை வலுப்படுத்துங்கள். தூணின் அடியில் துரு தின்றிருக்கும், பெரும்பாலும் படிக்கட்டுக் குழி தூணோடு சேரும் மூலையில். ஸ்க்ரூடிரைவரால் குத்திப் பாருங்கள், தெரிந்துவிடும்.

வாசல் அகலமாக இருந்தால் முழு அகலத்துக்கும் கதவு செய்யாதீர்கள். 650 முதல் 750 மி.மீ. கதவு தாராளம். மீதி இடத்தில் 50 × 50 × 2 மி.மீ. சதுரக் குழாயில் புதுத் தூண் நிறுத்தி, பக்கவாட்டில் அசையாத பலகை போட்டுவிடலாம். புதுத் தூண் தரைச் சட்டத்திலும் மேல் சட்டத்திலும் முழுமையாக வெல்டாக வேண்டும். ஏற்கெனவே இருக்கும் தூணையோ, வாசலுக்கு மேலே கூரையைத் தாங்கும் நீளச் சட்டத்தையோ வெட்டாதீர்கள். உயரம் போதவில்லையே என்று அந்த மேல் சட்டத்தில் கை வைத்தவர்களின் வண்டியில் அடுத்த ஜன்னல் கண்ணாடி விரியும்.

இன்னொன்று, நிறையப் பேர் கதவைச் செய்து மாட்டிய பிறகுதான் கவனிப்பது: டிரைவர் அந்தப் பக்கத்துப் பக்கக் கண்ணாடியையும் சாலையோரத்தையும் பார்ப்பது வாசல் கதவின் கண்ணாடி வழியாகத்தான். பழைய கதவைக் கழற்றும் முன் டிரைவர் இருக்கையில் ஒருவர் உட்கார்ந்து, வெளியே இன்னொருவர் நின்று, பார்வைக்குத் தேவையான பகுதியைக் கதவுக் கண்ணாடி மேலேயே டேப் ஒட்டி அடையாளம் செய்யுங்கள். பக்கக் கண்ணாடி முழுசாகத் தெரிகிற பகுதி ஒரு கட்டம். முன்சக்கரத்துப் பக்கத்துத் தரை தெரிகிற கீழ்ப்பகுதி இன்னொரு கட்டம். புதுக் கதவில் இந்த இரண்டு கட்டங்களுக்கும் கண்ணாடி வந்தே ஆக வேண்டும். தனிமை வேண்டும் என்று முழுத் தகடு அடித்தால் ஓரமாக வரும் சைக்கிள்காரர் டிரைவருக்குத் தெரியவே மாட்டார். நிறுத்தியபின் உள்ளே திரை போட்டுக்கொள்ளலாம்.

சாமான்

700 × 2000 மி.மீ. கதவு ஒன்றுக்கு:

25 × 25 × 1.6 மி.மீ. சதுரக் குழாய் – 6 மீட்டர்
40 × 25 × 1.6 மி.மீ. குழாய், கீல் பக்கத்துக்கு – 2.1 மீட்டர்
2 மி.மீ. அலுமினியத் தகடு அல்லது 1.2 மி.மீ. ஜி.ஐ. தகடு – கதவு அளவைவிடச் சுற்றிலும் 20 மி.மீ. கூட
பற்றவைக்கும் வகைக் கனமான கீல், 12 மி.மீ. முளை – 3
இரண்டு நிலைச் சுழல் கொக்கிப் பூட்டு – 2, அவற்றை இணைக்கும் கம்பிகள், உள்ளும் வெளியும் கைப்பிடி
உள்ளே குமிழ் திருப்பித் திறக்கும் தனித் தாழ்ப்பூட்டு – 1
5 மி.மீ. டஃபன்ட் கண்ணாடி, அதற்கான ரப்பர்
குமிழ் வைத்த ஈ.பி.டி.எம். ரப்பர் பீடிங் – 6 மீட்டர்
25 மி.மீ. கெட்டித் தெர்மோகோல், 4 மி.மீ. வாட்டர்ப்ரூஃப் பிளைவுட்
4.8 மி.மீ. ரிவெட் – 100, பாலியூரித்தேன் சீலன்ட் – 3 குழல், எபாக்சி பிரைமர்

எடை: சட்டம் 10 கிலோ, அலுமினியத் தகடு 6, கண்ணாடி 4 சொச்சம், பிளைவுட்டும் தெர்மோகோலும் 3.5, பூட்டு கீல் வகையறா 4. மொத்தம் 28 கிலோ. ஜி.ஐ. தகடு போட்டால் 32. உள்ளே 12 மி.மீ. பிளைவுட் போட்டால் கண்ணுக்குத் தெரியாமல் இன்னும் 5 கிலோ ஏறும். அது தேவையே இல்லை. பஸ் குலுங்கும்போது ஒவ்வொரு கிலோவும் கீலில் பல மடங்காக அடிக்கும்.

வளைந்த சட்டம்

பஸ் பக்கவாட்டுத் தகடு நேராக நிற்பதில்லை, நடுவில் வெளியே புடைத்திருக்கும். தூணை ஒட்டி ஒரு பிளைவுட் துண்டை வைத்துப் பென்சிலால் வளைவை இழுத்து வெட்டி எடுங்கள். இந்த வார்ப்பலகைதான் கடைசி வரை கூடவே இருக்கும் நீதிபதி.

2 மீட்டருக்கு 30 மி.மீ. புடைப்பு என்றால் குழாய் மொத்தம் சுமார் 7 டிகிரி வளைய வேண்டும். குழாய் வளைக்கும் ரோலர் இருந்தால் நல்லது. இல்லாவிட்டால், வண்டிக்கு உள்பக்கமாக வரும் முகத்தையும் இரண்டு பக்கங்களையும் 1 மி.மீ. கட்டிங் டிஸ்கால் வெட்டி, வெளிமுகத்தை மட்டும் விட்டுவைத்து மடக்கலாம். ஒரு வெட்டை முழுக்க மூடினால் 2.3 டிகிரி கிடைக்கும். மூன்றே வெட்டில் முடித்துவிடத் தோன்றும். வேண்டாம், தகடு அடித்ததும் மூன்று முட்டிகள் தெரியும். சம தூரத்தில் ஆறு வெட்டு போட்டு ஒவ்வொன்றையும் பாதி மட்டும் மூடினால் வளைவு வார்ப்பலகையோடு 1 மி.மீ.க்குள் ஒத்துப்போகும். வெல்ட் ஆறும்போது உள்பக்கம் இன்னும் கொஞ்சம் சுருங்கி வளைவு கூடும் என்பதால், டாக் (தற்காலிகமாகப் பிடிக்கும் சின்னப் புள்ளி வெல்ட்) அடிக்கும்போது வார்ப்பலகையைவிட ஒரு நூல் குறைவாகவே நிறுத்துங்கள்.

இரண்டு நெடுஞ்சட்டங்களும் ஒன்றுபோல வந்தபிறகு குறுக்குச் சட்டங்களை வையுங்கள்: மேல், கீழ், கண்ணாடிக்கு மேலும் கீழும், பூட்டு வரும் இடத்தில் ஒன்று. எல்லா மூலையும் முதலில் டாக் மட்டும். பிறகு எதிரெதிர் மூலையாக மாறி மாறி 25 மி.மீ. நீளத்துக்கு மேல் போகாமல் அடியுங்கள். ஒரே மூச்சில் ஒரு மூலையை முடித்தால் சட்டம் காற்றாடி மாதிரி முறுக்கிக்கொள்ளும்.

கீல்: மொத்த வேலையும் இங்கேதான்

கீல் முன்பக்கத்துத் தூணில் இருக்க வேண்டும். ஓடும்போது பூட்டு தவறினாலும் காற்று கதவை மூடியே பிடித்திருக்கும். பின்தூணில் கீல் வைத்தால் அதே காற்று கதவைப் பிடுங்கிக்கொண்டு போகும்.

மூன்று கீலின் முளைகளும் ஒரே நேர்கோட்டில் இருக்க வேண்டும். வளைந்த பாடியில் இது தானாக அமையாது. தகட்டின் மேலேயே மூன்று கீலையும் வைத்து அடித்தால் நடுக்கீல் 30 மி.மீ. வெளியே நிற்கும், மேலும் கீழும் உள்ளே போயிருக்கும். கதவு கால்வாசி திறந்ததும் இறுகி நிற்கும், இழுத்தால் தூண் வளையும். நடுவில் புடைத்த இடத்தை ஒட்டி நடுக்கீல். மேல் கீழ் கீல்களுக்கு அந்தக் கோட்டை எட்டுகிற அளவுக்குக் கை நீட்டித் தகடு வெட்டிக் கொடுக்க வேண்டும். அசிங்கமாக இருக்கிறதே என்று கோட்டைப் பாடிக்குள் தள்ளிவிட ஆசை வரும். தள்ளினால் என்ன ஆகும் என்றால், கதவு 90 டிகிரி திறக்கும்போது கீல் கோட்டுக்கு வெளியே புடைத்திருக்கும் பகுதி முன்பக்கமாகச் சுழன்று தூண் தகட்டில் இடிக்கும். கோடு 20 மி.மீ. உள்ளே போனால் 6 மி.மீ. இடைவெளி எந்த மூலைக்கு? ஆகவே கீல் கோடு, புடைப்பின் உச்சிக்கு வெளியேதான்.

கோட்டைப் பிடிக்க எளிய வழி: கீல்களின் முளைகளைக் கழற்றிவிட்டு, மூன்றிலும் ஒரே 12 மி.மீ. பாலிஷ் கம்பியைக் கோத்துவிடுங்கள். கதவுச் சட்டத்தை வாசலுக்குள் நிறுத்தி, சுற்றிலும் 6 மி.மீ. பிளைவுட் துண்டு செருகி, அடியில் மட்டும் 10 மி.மீ. கட்டை கொடுத்துப் பிடித்துக்கொண்டு, கம்பியைத் தூக்குக் குண்டு வைத்து இரண்டு திசையிலும் செங்குத்தாக்குங்கள். அப்புறம்தான் டாக். கம்பியை உருவிப் பாருங்கள்; விரலால் இழுத்து வந்துவிட்டால் கோடு சரி. சுத்தியல் கேட்டால் டாக்கை உடைத்து மறுபடி. முழு வெல்டுக்கும் கம்பி உள்ளேயே இருக்கட்டும்; கீலுக்குள் இருக்கும் நைலான் புஷ்ஷை மட்டும் முதலிலேயே எடுத்து வையுங்கள், சூட்டில் உருகும்.

கீல் தூணின் வெறும் தகட்டில் உட்காரக் கூடாது. தூணுக்குள் குழாய் எங்கே ஓடுகிறது என்று பார்த்து, அதன் மேல் 4 மி.மீ. தகடு வைத்து, அதில்தான் கீல். இல்லாவிட்டால் ஆறு மாதத்தில் கீலைச் சுற்றி பெயின்ட்டில் மெல்லிய கீறல் விழும். தகடு பிளக்க ஆரம்பித்ததற்கு அதுதான் முதல் அடையாளம்.

இந்த நிலையில், தகடு இல்லாத வெறும் சட்டத்தைத் தொங்கவிட்டு, முன்சக்கரத்தை மறுபடி பலகை மேல் ஏற்றித் திறந்து மூடிப் பாருங்கள். எங்கே உரசினாலும் இப்போது அரைப்பது பத்து நிமிட வேலை. திறக்கும் வட்டத்தில் பக்கக் கண்ணாடியின் கை குறுக்கே வருகிறதா என்பதும் இப்போது தெரியும்.

தகடு அடிப்பது

தகடுதான் கதவை விறைப்பாக்குகிறது. மேஜையில் படுக்கவைத்துத் தகடு அடித்தால் மேஜையின் வடிவத்தில் விறைத்துவிடும், வாசலின் வடிவத்தில் இல்லை. சட்டத்தை வாசலில் மூடிய நிலையில் கிளாம்ப் போட்டுப் பிடித்துக்கொண்டே தகட்டை ஒட்டி ரிவெட் அடியுங்கள். சட்டத்துக்கு முன்பே எபாக்சி பிரைமர் அடித்துக் காய்ந்திருக்க வேண்டும். அதன் மேல் பாலியூரித்தேன் ஒரு தொடர்ந்த கோடாக, பிறகு தகடு, பிறகு ஓரத்தில் 60 முதல் 70 மி.மீ.க்கு ஒரு ரிவெட். பசை முழுக்க இறுக ஒரு நாளாவது கிளாம்ப்போடு விட்டுவிடுங்கள். அவசரப்பட்டு அன்றைக்கே திறந்தால் முறுக்கு உள்ளேயே உறைந்துவிடும், அப்புறம் கீழ்மூலை எப்போதும் வெளியே எட்டிப் பார்த்துக்கொண்டே இருக்கும்.

கீழ்ச் சட்டத்தில் 8 மி.மீ. துளை நான்கு, தண்ணீர் வடிய. எவ்வளவு நன்றாக அடைத்தாலும் கண்ணாடி ரப்பர் வழியாகக் கொஞ்சம் தண்ணீர் கதவுக்குள் இறங்கும். வெளியேற வழி வைக்க வேண்டும், அவ்வளவுதான். உள் பிளைவுட்டின் வெட்டு ஓரங்களில், குறிப்பாக அடி ஓரத்தில், இரண்டு கோட் வார்னிஷ். கதவு ஊதிப்போவது எப்போதும் அங்கிருந்துதான்.

பூட்டு

வீட்டுக் கதவின் நாக்குப் பூட்டு ஓடும் வண்டிக்கு ஆகாது. பாடி முறுக்கும்போது நாக்கு குழியிலிருந்து வழுக்கி வெளியே வரும், அதிர்வில் ஸ்ப்ரிங்கும் தேயும். கார்க் கதவில் இருப்பதுபோல, தூணில் பொருத்திய முளையைச் சுற்றிக் கவ்வும் சுழல் கொக்கிப் பூட்டுதான் வேண்டும், அதுவும் இரண்டு நிலை உள்ளது. சரியாக மூடாவிட்டாலும் முதல் நிலையில் பிடித்து நிறுத்தும்.

நடுவில் ஒரே பூட்டு போட்டால் மேல் கீழ் மூலைகள் காற்றில் படபடக்கும், சீழ்க்கை அடிக்கும். மேல் குறுக்குச் சட்டத்திலிருந்து 300 மி.மீ. கீழே ஒன்று, அடியிலிருந்து 300 மி.மீ. மேலே ஒன்று, நடுவில் இருக்கும் கைப்பிடியிலிருந்து இரண்டுக்கும் கம்பி. இரண்டு கம்பியும் ஒரே நேரத்தில் இழுபட வேண்டும். திருகு வைத்த முனையில் அரைச் சுற்றாகச் சரிசெய்யுங்கள். தூணில் வரும் முளையின் துளைகளை நீள்வட்டமாக வெட்டி, பின்னால் அசையும் நட்டுத் தகடு வைத்தால், பின்னாளில் மேலே கீழே உள்ளே வெளியே 4 மி.மீ. நகர்த்த முடியும். முளையில் கிரீஸ் தடவி மூடித் திறந்து, கொக்கி வாயின் எந்த ஓரத்தில் கறை படிகிறது என்று பார்த்து முளையை அதற்கு எதிர்ப்பக்கம் நகர்த்துங்கள்.

தாழ்ப்பூட்டு நிறுத்தியிருக்கும்போது மட்டும். ஓடும்போது போட்டால் முறுக்கில் தண்டு வளைந்து, பிறகு திறக்க முடியாமல் போகும். டாஷ்போர்டில் எரியும் ‘கதவு திறந்திருக்கிறது’ விளக்கின் ஸ்விட்ச்சைக் கதவு ஓரத்தில் வைக்காதீர்கள். கொக்கியின் இரண்டாவது நிலையில் வையுங்கள். ஓரத்து ஸ்விட்ச் முதல் நிலையிலேயே விளக்கை அணைத்துவிட்டு, எல்லாம் சரி என்று பொய் சொல்லும்.

ரப்பர்

14 மி.மீ. குமிழ் உள்ள பீடிங்கை வாசல் சட்டத்தின் ஓரத்தில் அழுத்தி மாட்டி, கதவு மூடும்போது 8 அல்லது 9 மி.மீ. ஆகுமாறு இடைவெளி வைத்தால் சரியான அழுத்தம். குறைந்தால் ஒழுகும், அதிகமானால் கதவை அறைந்துதான் மூட வேண்டியிருக்கும், பூட்டு சீக்கிரம் தேயும். கீல் பக்கத்தில்தான் தப்பு நடக்கிறது. அங்கே ரப்பர் கதவுக்கும் தூணுக்கும் நடுவில் நசுங்கி, கீலை நெம்புகோல் மாதிரி நெம்பும். கீல் பக்கத்து ரப்பரை 10 மி.மீ. குமிழாக வைத்து, கதவின் உள்முகம் வந்து உட்காரும் இடத்தில் மாட்டுங்கள், விளிம்பு உரசும் இடத்தில் அல்ல.

வாசல் மூலைகள் கூராக இருந்தால் ரப்பர் மடிந்து குழாய் அடைபடும், அங்கே ஒழுகும். மூலையை 50 மி.மீ. ஆரத்துக்கு உருட்டிவிடுங்கள், அல்லது மூலையில் ரப்பரை 45 டிகிரியில் வெட்டி ஒட்டுங்கள். பீடிங்கின் இரு முனைகளும் சேருமிடம் கீழே நடுவில் இருக்கட்டும். மேலே வைத்தால் மழை அந்த இணைப்பைத் தேடி வந்து இறங்கும். வாசலுக்கு மேலே கதவு அகலத்தைவிட இருபுறமும் 50 மி.மீ. நீட்டி ஒரு தண்ணீர்த் தடுப்புப் பட்டை ஒட்டுவது, நூறு ரப்பருக்குச் சமம்.

சோதிக்க, ஒரு காகிதப் பட்டையை ரப்பருக்கும் கதவுக்கும் நடுவே வைத்து மூடி இழுங்கள். இறுக்கத்தோடு வர வேண்டும். ஒரு சாண் இடைவெளி விட்டுச் சுற்றிலும் இதைச் செய்து, சுலபமாக வரும் இடத்தைச் சாக்பீஸால் குறியுங்கள். ராத்திரி உள்ளே விளக்குப் போட்டு வெளியிலிருந்து வெளிச்சம் கசிகிறதா என்று பார்ப்பதும் உதவும். தண்ணீர்க் குழாயைக் கீழிருந்து மேலாகக் கொண்டு போங்கள். மேலிருந்து ஆரம்பித்தால் எந்த இடம் ஒழுகுகிறது என்று கண்டுபிடிக்கவே முடியாது.

மீதி

கதவு எவ்வளவு திறக்கலாம் என்பதை ஒரு பட்டையோ கேஸ் ஸ்ட்ரட்டோ (வாயு அடைத்த தாங்குதண்டு) தீர்மானிக்க வேண்டும், கீல் அல்ல. 28 கிலோ கதவைப் புயல் காற்று பிடித்து விசிறினால் கீலின் கடைசி எல்லையில் விழும் அடி மொத்தமும் தூணுக்குத்தான். முழுக்கத் திறந்து பாடியோடு ஒட்டி நிற்க வைப்பதாக இருந்தால் அங்கே ரப்பர் முனையும் கொக்கியும் வையுங்கள்.

கொசுவலைக் கதவு உள்பக்கம் தனியாக, அதன் கைப்பிடிக்கு எதிரே முதன்மைக் கதவின் கைப்பிடியை எட்டுகிற சிறு திறப்போடு. படிக்கட்டுக் குழிக்கு மேல் மடக்கு மூடி போட்டால் குளிர் காலத்தில் பெரிய வித்தியாசம் தெரியும். ஆனால் அவசரத்தில் இருட்டில் கால் வைக்கிறவர் அதைத் திறந்த குழி என்று நினைக்கக் கூடாது, மூடிய தரை என்று நினைத்துக் குழியிலும் விழக் கூடாது. ஓரத்தில் வெளிச்சம் பிரதிபலிக்கும் பட்டை ஒட்டுங்கள்.

முதல் 500 கி.மீ. ஓடியதும் பூட்டு முளையின் திருகுகள், கம்பித் திருகுகள், இருந்தால் கீல் போல்ட்கள் எல்லாவற்றையும் மறுபடி இறுக்குங்கள். பூட்டு முனை 2 மி.மீ. இறங்கியிருக்கும். அது ரப்பரும் புஷ்ஷும் உட்கார்ந்ததால் வருவது. முளையை அதே அளவு கீழே தளர்த்தி இறக்கினால் போதும். ஆயிரம் கி.மீ.க்குப் பிறகும் தொடர்ந்து இறங்கிக்கொண்டே போனால் முளையைத் தொடாதீர்கள். மேல்கீலின் தகட்டைச் சுற்றிப் பெயின்ட் கீறல் இருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள்.